பிடித்த பிடியை விடாத தசை

5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்து, கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீர்கள்? முதல் பத்து வினாடி சிரிப்பீர்கள். அரை நிமிடத்தில் தோள் எரியத் தொடங்கும். அதற்கப்புறம் கை நடுங்கும். தினமும் ஜிம்முக்குப் போகிற நண்பர் ஒருவரிடம் இந்தப் பந்தயத்தைக் கட்டினேன். அவரும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பை மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஒரு மேசைமேல் வைத்திருந்தாலும் அது அதே உயரத்தில்தான் இருந்திருக்கும். மேசைக்கு வியர்க்காது; நமக்கு வியர்க்கிறது. நம் கைத் தசைக்குச் ‘சும்மா பிடித்துக்கொண்டிருப்பது’ என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் காரணம். உள்ளே எண்ணற்ற நுண்ணிய கொக்கிகள் பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாக ஓயாமல் இயங்கினால்தான் பை அங்கே நிற்கும். ஒவ்வொரு பிடிக்கும் எரிபொருள் செலவு. எரிபொருள் தீரத் தீர, கை இறங்குகிறது.

இப்போது பாசாருக்கு வாருங்கள். மீன்கடைப் பக்கம், ஐஸ் பரப்பிய தட்டில் லாலா கிடக்கும். பக்கத்துச் சாக்கில் கேராங். சில கடைகளில் பச்சை ஓட்டோடு குப்பாங். கடலைவிட்டு வந்து எத்தனையோ மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, சரியாக மூச்சுவிடவும் வழியில்லை. ஆனாலும் ஓட்டை இறுக மூடி வைத்திருக்கும். நகத்தால் திறக்கப் பார்த்தால் நகம்தான் உடையும். அரிசிப் பையைத் தூக்கிப் பிடித்த நம்மைப் போலவே அதுவும் ஒரு தசையால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படி அதற்கு மட்டும் கை வலிக்கவில்லை?

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவன். படித்தது ஊடகத் துறை. உயிரியலோடு இருந்த உறவு எஸ்பிஎம் தேர்வோடு முடிந்துபோனது. அந்த உறவைப் புதுப்பித்தது நேயர் ஒருவர் அனுப்பிய குரல்பதிவு. “தம்பி, லாலாவைச் சட்டியில போட்டதும் வாயைப் பொளக்குதே, அது பயத்துல திறக்குதா, செத்துப்போயி திறக்குதா?” என்று கேட்டிருந்தார். “தேடிப் பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்க்கா” என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். தேடப் போன இடத்தில் பாவ்லோவ் வந்தார், மூளை வந்தது, மனச்சோர்வு மாத்திரையும் வந்தது. வானொலியில் கிடைக்கிற மூன்று நிமிடத்தில் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். சிப்பிக்கு ஓட்டைத் திறக்கும் தசை என்று ஒன்று கிடையாது. இரண்டு ஓடுகளும் முதுகுப் பக்கத்தில் ஒரு மீள்தன்மையுள்ள பட்டையால் இணைந்திருக்கின்றன. கதவின் கீல் பக்கத்து இடுக்கில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் ரப்பர் நசுங்கும். கையை எடுத்தால் ரப்பர் விரிந்து கதவைத் தள்ளிவிடும். சிப்பியின் கதை இதுதான். ஓடு தானாகவே திறந்துகொள்ளத்தான் பார்க்கிறது. உள்ளே ஓட்டுக்கு ஓடு குறுக்காக ஓடும் மூடுதசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அது மூடியிருக்கும்.

ஆகவே, சூட்டில் தசையின் புரதங்கள் உருக்குலைந்து பிடி விட்டுப்போனதும் ஓடு படக்கென்று திறந்துகொள்கிறது. பயமும் இல்லை, அதன் விருப்பமும் இல்லை. சமைப்பதற்கு முன்பே வாயைப் பிளந்து கிடக்கும் சிப்பியை வாங்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும். தட்டியும் அசையாமல் பிளந்தே இருந்தால், இழுத்துப் பிடிக்க உள்ளே ஆள் இல்லை என்று பொருள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வாய் திறந்துவிட்டால் வெந்துவிட்டது என்று பலர் நினைக்கிறோம். திறந்தது தசை தோற்றதால்தான். உள்ளே இருக்கும் சதை முழுதும் சூடேறிவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. சிப்பிகள் நாள் முழுதும் கடல்நீரை வடிகட்டி உண்பவை. அந்த நீரில் கழிவு கலந்திருந்தால், அதிலுள்ள கிருமிகளும் அவற்றின் உடலில் சேர்ந்துகொள்ளும். 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில், சரியாக வேகாத ஒரு வகைக் கேராங்கைச் சாப்பிட்டதால் சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலை பரவியது. அந்தக் கிருமி எளிதில் சாவதில்லை. சதையின் உட்பகுதி 90 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு. ஓடோ அதற்கு வெகு முன்னதாகவே திறந்துவிடும். சார் குவே தியாவில் அரைவேக்காட்டுக் கேராங்கை ‘ரத்தத்தோடு’ கேட்டு வாங்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அது உண்மையாகவே ரத்தம்தான். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் கேராங்கின் ரத்தத்திலும் இருக்கிறது. அந்தச் சுவையைப் பற்றி நான் வாதம் செய்ய வரவில்லை. என் தட்டில் மட்டும் நன்றாக வெந்ததுதான் வரும்.

சரி, தசைக்கு வருவோம்.

ஸ்காலப் வாங்கிச் சமைத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வெள்ளையான, வட்டமான, மெத்தென்ற அந்தச் சதையின் ஓரத்தில், கொஞ்சம் வேறு நிறத்தில், ரப்பர் போல ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சமையல்காரர்கள் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள்; எவ்வளவு வேக வைத்தாலும் மெல்ல முடியாது. நாம் விரும்பிச் சாப்பிடும் பெரிய வட்டம், ஸ்காலப் ஆபத்தில் ஓட்டைப் படபடவென்று அடித்து நீந்தித் தப்பிக்கப் பயன்படும் வேகத் தசை. எறிகிறோமே அந்தச் சிறு துண்டு, அதுதான் மணிக்கணக்கில் ஓட்டை மூடிப் பிடிக்கும் தசை. ஒரே மூடுதசையில் இரண்டு பகுதிகள்: ஒன்று ஓட்டக்காரன், மற்றது காவல்காரன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காவல்காரனைப் பற்றியதுதான்.

நுண்ணோக்கியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். வேகத் தசையில், நம் கைத் தசையில் இருப்பதுபோல, குறுக்கே வரி வரியாகக் கோடுகள் இருக்கும். தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் ராணுவ அணிவகுப்பு போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வரும் வரிகள் அவை. தடித்த இழை மயோசின் என்ற புரதத்தால் ஆனது. மெல்லிய இழை ஆக்டினால் ஆனது. மயோசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள்தான் நான் முன்பு சொன்ன கொக்கிகள். அவை ஆக்டினைப் பற்றி இழுக்க, இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. தசை சுருங்கும்போது எந்த இழையும் குட்டையாவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன, அவ்வளவுதான். நீட்டி மடக்கும் வானொலி ஏரியலை நினைவிருக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. இருவரும் உறவினர் அல்லர்.

காவல்காரத் தசையில் இந்த வரிகள் இல்லை. அதனால் இதை வரியற்ற தசை என்கிறார்கள். ஒவ்வொரு உயிரணுவும் நடுவில் தடித்து இரு முனையிலும் கூராக, நூல் சுற்றிய கதிர் போல நீண்டிருக்கும். உள்ளே அணிவகுப்பு கிடையாது. மெல்லிய இழைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு அடர்ந்த முடிச்சுகளில் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடையே தடித்த இழைகள் கிடக்கும். சுருங்கும்போது தடித்த இழைகள் மெல்லியவற்றை இருபுறமிருந்தும் உள்ளே இழுக்க, முடிச்சுகள் ஒன்றையொன்று நெருங்கும். உயிரணு நீளம் குறைந்து பருமனாகும். தளரும்போது இழைகள் மறுபடி விலக வேண்டும். ஆனால் எந்தத் தசையாலும் தன்னைத்தானே நீட்டிக்கொள்ள முடியாது. அதை வேறு யாராவது இழுத்து நீட்ட வேண்டும். சிப்பியில் அந்த வேலையைச் செய்வது கீல் பக்கத்து ரப்பர்தான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் எல்லா வரியற்ற தசைக்கும் பொருந்தும். சிப்பியின் சிறப்பு அந்தத் தடித்த இழையில் இருக்கிறது. நம் கைத் தசையில் தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐரோப்பியக் கடலோரத்தின் நீலக் குப்பாங்கில், இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பேர்போன ஒரு தசை உண்டு. அதில் இதே இழை சுமார் 25 மைக்ரோமீட்டர் நீளம் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 15 மடங்கு. பருமனும் பல மடங்கு. அவ்வளவு நீளமான இழை ஒடியாமல் நிற்க உள்ளே தண்டு வேண்டுமே? அதற்காகப் பாராமயோசின் என்ற வேறொரு புரதம் நடுவில் கட்டாகக் கிடக்கிறது. மயோசின் அதன்மேல் ஒரு போர்வை போலப் போர்த்தியிருக்கிறது. முதுகெலும்புள்ள உயிரினங்களிடம் பாராமயோசின் கிடையாது.

நீளமான இழையால் என்ன லாபம்? தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்திருப்பீர்கள். ஒரே கயிற்றில் 10 பேர் இழுப்பதற்கும் 150 பேர் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். இழை நீண்டால் அதில் அதிகக் கொக்கிகள் ஒரே திசையில் சேர்ந்து இழுக்கும். அதனால் இந்தத் தசை, அதே பருமனுள்ள நம் தசையைவிடப் பல மடங்கு வலுவாக இழுக்கிறது. நட்டம் வேகத்தில். குட்டையான பல அலகுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சுருங்கினால் தசை சட்டென்று குறுகும். நீளமான சில அலகுகள் மட்டும் இருந்தால் அந்த வேகம் வராது. காவல்காரனுக்கு வேகம் எதற்கு?

சுருங்குவதற்கான கட்டளை நரம்பிலிருந்து வருகிறது. நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். உயிரணுவுக்குள் கால்சியம் உயரும். கால்சியம் வந்தால் கொக்கிகள் வேலையைத் தொடங்கும். நம் கைத் தசையில் கால்சியம் போய் ஒட்டுவது மெல்லிய இழையில் இருக்கும் ஒரு காவல் புரதத்தில். சிப்பியிலோ அது நேராக மயோசினிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. கட்டளை நின்றதும் கால்சியம் இறங்கிவிடும். கொக்கிகள் ஓய்ந்துவிடும். நம் தசையாக இருந்தால் அந்தக் கணமே தளர்ந்துவிடும்.

சிப்பியின் தசை தளர்வதில்லை. கட்டளை இல்லை, கால்சியம் இல்லை, கொக்கிகள் ஓய்வில் இருக்கின்றன, ஆனால் இறுக்கம் அப்படியே நிற்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ என்று பெயர். ஜெர்மானிய உயிரியலாளர் யாக்கோப் ஃபான் உக்ஸ்குல் 1912இல் ஸ்காலப்பை ஆராய்ந்தபோது, வழியை அடைக்கும் தடுப்பு என்று பொருள்படும் ஒரு சொல்லை இதற்குப் பயன்படுத்தினார். தமிழில் ‘தாழ்ப்பாள்’ என்றே சொல்லிவிடலாம் என்று எனக்குப் படுகிறது. கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது நம் கைத் தசையின் வழி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வது சிப்பியின் வழி.

தாழ்ப்பாளுக்குச் செலவில்லை என்பதை 1910லேயே யாக்கோப் பர்னாஸ் என்ற விஞ்ஞானி அளந்து பார்த்தார். சிப்பியின் ஓட்டைப் பிரிக்கும்படி எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று கணக்கெடுத்தார். எடையைத் தாங்கும்போது செலவு கூடியதாகத் தெரியவில்லை. ஐஸ் தட்டில் கிடக்கும் லாலாவுக்குக் கை வலிக்காததன் ரகசியம் இங்கே கிடைத்துவிட்டது.

ஆனால் தாழ்ப்பாள் எதனால் ஆனது? இதற்கு விடை கிடைக்க இன்னும் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரு சாரார், பாராமயோசின் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன என்றார்கள். இன்னொரு சாரார், அதே மயோசின் கொக்கிகள்தான், விடுவதற்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொள்கின்றன என்றார்கள். இருவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் எக்ஸ் கதிர்ப் படங்களையும் காட்டி ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1990களின் இறுதியில், அமெரிக்காவில் மேரியன் சீக்மனும் தாமஸ் பட்லரும் அவர்கள் குழுவினரும் மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெயர் ட்விட்சின்.

இந்தப் பெயரின் கதையே தனி. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று, குறிப்பிட்ட ஒரு மரபணு கெட்டுப்போனால் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த மரபணு உருவாக்க வேண்டிய புரதத்துக்கு, துடிப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்து ட்விட்சின் என்று பெயரிட்டார்கள். அதன் உறவுக்காரப் புரதமே சிப்பியிலும் இருந்தது, தடித்த இழையின்மேல் ஒட்டியபடி.

அது வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. ட்விட்சினில் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. தசை சுருங்குவதற்காகக் கால்சியம் உயரும்போதே, ஒரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. பாஸ்பேட் இல்லாத ட்விட்சின், தடித்த இழையில் இருந்தபடியே பக்கத்து மெல்லிய இழையையும் பற்றிக்கொள்கிறது. இரண்டு இழைகளுக்கும் இடையே ஒரு கட்டு விழுகிறது. கொக்கிகள் போய்விட்டாலும் இழைகள் திரும்பச் சறுக்க முடியாது. ஆக, சுருங்கும்போது இழைகள் சறுக்குகின்றன. தாழ்ப்பாளின்போது சறுக்கிய இடத்திலேயே கட்டுண்டு நிற்கின்றன. தளரும்போது கட்டு அவிழ்ந்து பழைய இடத்துக்கு விலகுகின்றன. நம் தசைக்கு இரண்டு நிலை, சிப்பியின் தசைக்கு மூன்று நிலை.

அப்படியானால் கட்டை யார் அவிழ்ப்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிடிப்பதற்கு ஒரு கட்டளை இருப்பதுபோல விடுவதற்கும் ஒரு கட்டளை தேவை என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இவான் பாவ்லோவ். ஆம், மணியடித்தால் எச்சில் வடித்த நாய்களின் பாவ்லோவ்தான். அந்த நாய்களுக்கெல்லாம் முன்பு, ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், சிப்பி தன் ஓட்டை எப்படித் திறக்கிறது என்று 1885இல் ஒரு கட்டுரை எழுதினார். நன்னீர்ச் சிப்பியின் மூடுதசைக்கு இரண்டு வகை நரம்புகள் இருப்பதைக் காட்டினார். ஒன்றைத் தூண்டினால் தசை இறுகியது. மற்றதைத் தூண்டினால் தளர்ந்தது. தளர்வதற்கென்றே ஒரு நரம்பு! நம் கைத் தசைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கட்டளையை நிறுத்தினாலே போதும்.

அந்தத் தளர்த்தும் நரம்பு எந்த வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது 1950களின் தொடக்கம் வரை புதிராகவே இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த பெட்டி ட்வாராக் என்ற இளம்பெண் அந்தப் புதிரை எடுத்துக்கொண்டார். வேலை என்னவோ சாதாரணமானதுதான். நீலக் குப்பாங்கின் தசையை எடுத்து, அசிட்டைல்கோலின் கொடுத்துச் சுருங்க வைப்பார். கழுவி எடுத்த பிறகும் அது இறுகியே நிற்கும். பிறகு ஒவ்வொரு வேதிப்பொருளாகக் கொடுத்து, எது தளர்த்துகிறது என்று பார்ப்பார்.

அப்போதுதான் செரோட்டோனின் என்ற புதிய பொருளைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் இர்வின் பேஜ் என்பவரின் ஆய்வுக்கூடம், ரத்த அழுத்தத்தைப் பற்றி ஆராயும்போது, ரத்தத்திலிருந்து அதை 1948இல் பிரித்தெடுத்திருந்தது. ரத்தக்குழாயை இறுக்கும் பொருள் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. மனித ரத்தக்குழாயை இறுக்கும் அதே பொருள், குப்பாங்கின் தசைமேல் பட்டதும் அதன் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது. மிகச் சிறிய அளவே போதுமாக இருந்தது.

ட்வாராக் அங்கே நின்றிருந்தால் இது சிப்பி ஆய்வாளர்கள் மட்டும் அறிந்த கதையாகப் போயிருக்கும். அவர் இன்னொரு அடி எடுத்து வைத்தார். ஒரு சிப்பியின் நரம்பு செரோட்டோனினைச் செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது என்றால், முதுகெலும்புள்ள உயிரினங்களின் நரம்பு மண்டலத்திலும் அது ஏன் இருக்கக் கூடாது? ஓஹாயோவுக்குப் போனபோது பேஜின் ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்து பாலூட்டிகளின் மூளையில் தேடினார். தேடுவதற்கு அவர் பயன்படுத்திய கருவியைக் கேட்டால் சிரிப்பு வரும்: இன்னொரு சிப்பியின் இதயம். செரோட்டோனின் சிறிதளவு பட்டாலும் அந்த இதயத்தின் துடிப்பு மாறும். மூளையிலிருந்து எடுத்த சாற்றை அதன்மேல் விட்டார். துடிப்பு மாறியது. ட்வாராக், பேஜ் இருவர் பெயரிலும் 1953இல் அந்தக் கட்டுரை வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் எடின்பரோவில் ஜான் கேடமின் குழுவும் மூளையில் அதைக் கண்டது. குப்பாங் தசையைப் பற்றிய ட்வாராக்கின் கட்டுரை 1954இல்தான் அச்சில் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததே. மனநிலை, தூக்கம், பசி என்று பலவற்றோடு செரோட்டோனினுக்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது. 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புரோசாக் தொடங்கி, இன்று மருத்துவர்கள் மனச்சோர்வுக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு பெரிய வகை செரோட்டோனினை வைத்தே வேலை செய்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் ‘இதனால் என்ன பயன்?’ என்பது முதல் கேள்வி. ‘குப்பாங் எப்படி வாயைத் திறக்கிறது என்று பார்க்கிறேன்’ என்று அந்தக் காலத்தில் ட்வாராக் பதில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சிப்பிக்குள் செரோட்டோனின் என்ன செய்கிறது என்பதும் இப்போது தெரியும். அது வந்ததும் உயிரணுவுக்குள் ஒரு தொடர் வினை கிளம்பி, வேறொரு நொதி ட்விட்சினுக்குப் பாஸ்பேட்டைத் திரும்ப மாட்டிவிடுகிறது. மாட்டியதும் ட்விட்சின் மெல்லிய இழையை விட்டுவிடுகிறது. கீல் ரப்பர் தள்ள, ஓடு திறக்கிறது. சிப்பிக்குப் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா நடக்கும். விடுவதற்குத்தான் ஒரு செய்தி வந்து சேர வேண்டும், கொஞ்சம் எரிபொருளும் செலவாக வேண்டும்.

நம் உடம்பிலும் வரியற்ற தசை நிறைய உண்டு. ரத்தக்குழாய்ச் சுவர், மூச்சுக்குழாய், குடல், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை எல்லாம் அதனால் ஆனவை. ரத்தக்குழாய்ச் சுவர் நாம் தூங்கும்போதும் இறுக்கத்தைக் கைவிடுவதில்லை. அதற்கும் ஒரு சிக்கன வழி இருப்பதை 1980களில் கண்டுபிடித்து, கொண்டி என்று பொருள்படும் ‘லாட்ச்’ என்ற பெயரை வைத்தார்கள். ஆனால் அது சிப்பியின் தாழ்ப்பாள் அல்ல. அங்கே பிடித்துக்கொண்டிருப்பவை மயோசின் கொக்கிகளேதான், மிக மெதுவாக விடுகின்றன. செலவு குறைவு, ஆனால் உண்டு.

நான் சொன்ன அந்தப் பேர்போன நீலக் குப்பாங் தசை மூடுதசை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். குப்பாங் தன்னைப் பாறையோடு கட்டிக்கொள்ள நூல் நூலாக ஒன்றைச் சுரக்கும். சமைக்கும்போது ‘தாடி’ என்று நாம் பிய்த்துப் போடுவது அதைத்தான். அந்த நூல்களை உடலை நோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகளில் ஒன்றைத்தான் ட்வாராக்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆராய்ந்தார்கள். அலை அடிக்கும்போதெல்லாம் பாறையை விடாமல் இருக்க அதற்கும் தாழ்ப்பாள் வேண்டும். ஜொகூர் நீரிணையில் வளர்க்கும் நம் ஊர்ப் பச்சைக் குப்பாங்குக்கும் அந்த நூலும், நூலை இழுக்கும் தசைகளும் உண்டு. உயிரோடு இருக்கும் குப்பாங்கின் தாடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளிருந்து எதுவோ எதிர்த்து இழுப்பது விரலில் தெரியும்.